ஒரு இடத்தில் இருக்காத பிள்ளையும் கடை வியாபாரமும்

 

பதிவு கொஞ்சம் நீளம். ஒரு பிளேன்டீ ஊற்றிக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள். டவுனில் கடை வைத்திருக்கும் நானாமாரும், தோட்டத்தில் பிள்ளை வளர்க்கும் அம்மா அப்பாமாரும் கட்டாயம் வாசிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஒவ்வொரு தவணையும் முடிந்து பெற்றோர் கூட்டம் வைத்தால் இரண்டு பேச்சு எங்கள் காதில் விழும். டவுன் வாப்பாமார் சொல்வது: "இவனுக்குப் படிப்பு ஏறுறல்ல சேர். ஓஎல் முடிஞ்சதும் கடையில போட்டுருவோம்." தோட்டத்துப் பெற்றோர் சொல்வது: "ஒரு எடத்துல இருக்கவே மாட்டேங்கிறான் சேர். கொழும்புல கடை வேலைக்கு அனுப்பிரலாம்னு இருக்கோம்."

இரண்டிலும் இருப்பது ஒரே நம்பிக்கைதான். புத்தகத்தில் கவனம் நிற்காத பிள்ளைக்கு வியாபாரம் சரிவரும் என்பது. இது பாதி உண்மை. மற்றப் பாதி தெரியாததால் நல்ல கெட்டிக்காரப் பையன்கள் கடை திறந்து, இரண்டு வருடத்தில் கடனில் மூடியதை இந்த ஊரில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இந்த இரண்டு பாதியையும் வரலாற்றை வைத்துப் பார்ப்போம்.

■ இதற்கு ஒரு பெயர் இருக்கிறது

எல்லாத் துடிப்பான பிள்ளைக்கும் நோய் என்று சொல்ல வரவில்லை. பிள்ளை என்றால் ஓடத்தான் செய்யும். ஆனால் சில பிள்ளைகளுக்கு வேலையைத் தொடங்குவது, தொடங்கியதை முடிப்பது, நேரத்தை மட்டுக்கட்டுவது, சொன்னதை ஞாபகம் வைப்பது, யோசித்துவிட்டுச் செய்வது எல்லாமே கஷ்டம். வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் வருடக்கணக்காக அப்படியே இருக்கும். புத்தியில் குறை இருக்காது. பிடித்த வேலை என்றால் சாப்பாட்டையும் மறந்து மணிக்கணக்கில் இருப்பார்கள். இதைத்தான் ஏடிஎச்டி என்கிறார்கள். தமிழில் கவனக்குறைவு மிகைச்செயற்பாட்டுக் குறைபாடு. உலக அளவில் பிள்ளைகளில் நூற்றுக்குச் சுமார் 5 பேருக்கு இது இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். 40 பிள்ளைகள் உள்ள வகுப்பில் இரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இது செல்போன் காலத்து வியாதி என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படியில்லை. ஸ்கொட்லாந்து வைத்தியர் அலெக்சாண்டர் கிரைட்டன் 1798இலேயே, ஒன்றில் மனதை நிறுத்த முடியாதவர்களைப் பற்றி எழுதினார். 1902இல் லண்டனில் ஜோர்ஜ் ஸ்டில் என்ற பிள்ளை வைத்தியர் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றித் தொடர் உரைகள் நிகழ்த்தினார். வளர்ப்பு சரியாக இருந்த வீடுகளிலும் இப்பிள்ளைகள் இருப்பதை அவர் கவனித்தார். ஆனால் அவர் வைத்த பெயர் ஒழுக்கக் கட்டுப்பாட்டுக் குறைபாடு என்பது. இன்றைக்கும் நம் ஊரில் "ஒழுக்கமில்லாதவன், சோம்பேறி" என்றுதானே சொல்கிறோம்? நாங்கள் இன்னும் 1902இல்தான் நிற்கிறோம்.

1937இல் அமெரிக்காவில் சார்ல்ஸ் பிராட்லி என்ற வைத்தியர் ஒரு மருந்து கொடுத்தபோது, பல பிள்ளைகளுக்குப் பாடத்தில் கவனம் நிற்பதைக் கண்டார். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் 1968இல் பிள்ளைகளின் மிகைச்செயற்பாடு என்று இது இடம்பிடித்தது. 1980இல் கவனக்குறைவு என்ற சொல் முன்னுக்கு வந்தது. 1987இல்தான் இன்றைய பெயர். பிள்ளைப் பருவத்தோடு எல்லோருக்கும் இது போய்விடுவதில்லை, பலருக்குப் பெரியவரான பிறகும் தொடரும் என்பதும் பிறகுதான் தெளிவானது. அதனால்தான் வியாபாரம் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது.

■ நடந்து செய்த வியாபாரம், உட்கார்ந்து செய்யும் வியாபாரம்

ஊவாவில் நம் மூத்தவர்கள் செய்த வியாபாரம் தவளம். பொதி மாடுகளில் கரையோரத்திலிருந்து உப்பும் கருவாடும் மலைக்கு ஏறும். மலையிலிருந்து பாக்கும் மிளகும் இறங்கும். கண்டி இராச்சியத்தில் பொதிமாட்டுப் போக்குவரத்துக்கென்று மடிகே பத்த என்றொரு பகுதியே இருந்தது. அதில் பெரும்பங்கு முஸ்லிம்கள். ஆங்கிலேயர் ரோட்டுப் போட்டார்கள், கரத்தை வந்தது. 1893இல் ரயில் ஹப்புத்தளைக்கு வந்தது, அடுத்த வருடம் பண்டாரவளை, 1924இல் பதுளை. தவளம் முடிந்தது. ஆனாலும் புடவை மூட்டையைத் தூக்கிக்கொண்டு லயம் லயமாக ஏறி இறங்கிய வியாபாரம் அதற்குப் பிறகும் நெடுங்காலம் இருந்தது.

அந்த வியாபாரத்தில் என்ன வேண்டும்? நடக்கத் தெம்பு வேண்டும். ஆளோடு பேசத் தெரிய வேண்டும். பட்டென்று விலை சொல்ல வேண்டும். வழியில் வரும் மழைக்கும் மண்சரிவுக்கும் அந்த நேரத்திலேயே முடிவெடுக்க வேண்டும். ஒரு இடத்தில் இருக்காத மனுசனுக்கு அது பொருந்தக்கூடிய தொழில்.

இன்றைய வியாபாரம் அப்படியா? பிரதேச செயலகத்தில் பதிவு, வருடா வருடம் லைசன்ஸ், வரி, வங்கிக் கடன் தவணை, திகதி போட்ட செக், காலாவதித் திகதி பார்த்துச் சாமான் மாற்றுவது, கடன் கொப்பி. கடையின் முன்பக்கம் இன்னும் தவளம்தான். பின்பக்கம் கந்தோர். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் தோற்கடித்த அதே வேலை கடையின் பின்பக்கத்தில் அவனுக்காகக் காத்துக்கொண்டு இருக்கிறது. "கடையில போட்டா சரி" என்று நினைக்கும்போது நாம் மறப்பது இதைத்தான்.

■ தம்பேத்தென்னவுக்கு வந்த மனுசன்

லிப்டன் சீட்டுக்குப் போகாத ஆள் நம் பக்கத்தில் குறைவு. அந்த லிப்டனின் கதையைப் பாருங்கள்.

தோமஸ் லிப்டன் 1848இல் கிளாஸ்கோவில் பிறந்தவர். அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். பெற்றோர் சின்னதாக ஒரு கடை வைத்திருந்தார்கள். லிப்டன் சின்ன வயதிலேயே பள்ளியை விட்டார். எழுதுபொருள் கடையில் எடுபிடி, சட்டைத் துணி வெட்டும் இடத்தில் வேலை, பிறகு கப்பலில் கெபின் பையன். கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். வர்ஜீனியாவில் புகையிலைத் தோட்டம், தென் கரோலினாவில் நெல் வயல், நியூயோர்க்கில் பெரிய பலசரக்குக் கடை. 1870 அளவில் ஊருக்குத் திரும்பி, 1871இல் கிளாஸ்கோவில் தன் சொந்தக் கடையைத் திறந்தார்.

சும்மா சாமான் அடுக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்க அவரால் முடியவில்லை. 1881 நத்தாருக்கு ஒரு பிரமாண்டமான சீஸ் கட்டியை ஊர்வலமாகக் கொண்டு வந்து, அதற்குள் தங்க நாணயம் வைத்து விற்றார். சனம் நெருக்கியடித்து வாங்கியது. 1880களின் கடைசியில் சுமார் 300 கடைகள்.

அப்போது இங்கே என்ன நிலை? 1869இல் நம் மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில்தான் கோப்பி இலை நோய் முதலில் கண்ணில் பட்டது. பத்துப் பதினைந்து வருடத்தில் கோப்பிக்காரர்கள் நொந்து போனார்கள். 1884இல் ஓரியண்டல் வங்கியே விழுந்தது. தோட்டங்கள் மலிவாகக் கிடந்தன. 1890இல் இலங்கைக்கு வந்த லிப்டன், ஹப்புத்தளைப் பக்கம் தம்பேத்தென்ன உட்படப் பல தோட்டங்களை வாங்கினார். இடைத்தரகரை விட்டுவிட்டு, தேயிலையைச் சின்னப் பக்கட்டுகளில் அடைத்து, இறாத்தல் சுமார் 3 சிலிங் விற்ற காலத்தில் 1 சிலிங் 7 பென்சுக்குக் கொடுத்தார். அதுவரை தேயிலைக்கு யோசிக்க வேண்டியிருந்த ஏழைத் தொழிலாளியும் வாங்கினான். 1898இல் கம்பனியைப் பங்குச் சந்தைக்குக் கொண்டுபோனார். அடுத்த வருடமே பாய்க்கப்பல் பந்தயத்தில் இறங்கிவிட்டார். 1899 முதல் 1930 வரை அமெரிக்கா கோப்பைக்கு ஐந்து தரம் போட்டியிட்டு ஐந்து தரமும் தோற்றார். அப்படியும் விடவில்லை.

லிப்டனுக்கு ஏடிஎச்டி இருந்தது என்று நான் சொல்லவில்லை. செத்துப்போன மனுசனுக்கு நாம் வைத்தியம் பார்க்க முடியாது. இணையத்தில் சிலர் பெரிய பெரிய ஆட்களின் பெயரையெல்லாம் போட்டு, "இவருக்கும் இருந்தது" என்று பட்டியல் பகிர்கிறார்கள். அதை நம்ப வேண்டாம். நான் சொல்ல வருவது வேறு. ஒரு இடத்தில் நிற்காத முதலாளி ஒருவரின் வியாபாரம் எப்படி நின்றது என்று அவர் வாழ்க்கையில் பார்க்கலாம்.

லிப்டன் கடல் கடலாகப் போனபோது தம்பேத்தென்னவில் என்ன நடந்தது? விடியக் காலையில் பிரட்டுக்களத்தில் பேர் போட்டார்கள். நம் மக்களின் பாட்டிமார் கூடையை மாட்டிக்கொண்டு மலை ஏறினார்கள். ஒரு மலையில் கொழுந்து எடுத்தால் கிட்டத்தட்ட ஒரு கிழமையில் அதே மலைக்குத் திரும்ப வர வேண்டும். பிந்தினால் கொழுந்து முற்றும். எடுத்த கொழுந்து அன்றைக்கே பெக்டரிக்குப் போக வேண்டும். வாட்டி, அரைத்து, பதம் பார்த்து, சூட்டில் போட வேண்டும். எதிலும் கவனம் தப்பினால் தேயிலை பாழ். ஓடித்திரிந்த ஒரு முதலாளிக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான ஆட்களின் கவனம் தினமும் வேலை செய்தது. பக்கட்டில் அவர் பெயர். அந்தக் கவனத்துக்குக் கிடைத்தது லயத்து அறையும் நாட்சம்பளமும். இதைச் சொல்லாமல் லிப்டன் கதையைச் சொல்வது நியாயமில்லை.

கடைசிக் காலத்தில் அவரே கஷ்டப்பட்டார். எல்லா முடிவையும் தானே எடுக்கும் பழக்கம் போகவில்லை. கம்பனி இலாபம் விழுந்து, பங்குதாரர்கள் கேள்வி கேட்டு, 1920களின் பின்பாதியில் நிர்வாகத்தை விட்டு விலக வேண்டி வந்தது. 1931இல் இறந்தார். கடை திறக்கும் கெட்டித்தனமும் கடையை வருடக்கணக்கில் நடத்தும் கெட்டித்தனமும் ஒன்றல்ல.

■ தாங்களே சொன்ன இரண்டு பேர்

இப்போது, தங்களுக்கு ஏடிஎச்டி இருக்கிறது என்று தாங்களே வெளியில் சொன்ன இரண்டு முதலாளிமாரைப் பார்ப்போம்.

ஒருவர் போல் ஓர்ஃபலியா. அமெரிக்காவில் லெபனான் வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தவர். இரண்டாம் வகுப்பிலேயே பெயில். வாசிப்பதும் கஷ்டம். 1970இல் 5,000 டொலர் வங்கிக் கடனில், கலிபோர்னியாவில் ஒரு பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் போட்டோகொப்பிக் கடை போட்டார். கடை எவ்வளவு சின்னது என்றால், மெஷினை வெளியே நடைபாதைக்குத் தள்ளி வைத்துத்தான் வேலை செய்ய வேண்டும். அவருடைய சுருட்டை முடிக்குக் கூட்டாளிகள் வைத்த பட்டப்பெயரையே கடைக்கு வைத்தார், கிங்கோஸ் என்று. அது ஆயிரத்துக்கு மேல் கிளையாக வளர்ந்து, 2004இல் பெடெக்ஸ் கம்பனி 240 கோடி டொலருக்கு வாங்கியது.

எப்படி நடத்தினார்? கந்தோரில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கவில்லை. தன்னால் முடியாது என்று தெரிந்து, அந்த வேலைக்குத் தெரிந்த ஆட்களை வைத்தார். புதுக் கிளைகளுக்குப் பங்காளிகளைச் சேர்த்தார். அவர் கடை கடையாகப் போய், எந்தக் கடையில் எது நன்றாக நடக்கிறது என்று பார்த்து மற்றக் கடைக்குச் சொன்னார். நிற்காத காலை வேலைக்கு வைத்தார். எழுத்து வேலையை வேறு கையில் கொடுத்தார்.

மற்றவர் டேவிட் நீல்மன். பல்கலைக்கழகத்தை இடையில் விட்டவர். முதல் தொழில் சுற்றுலா ஏற்பாடு. நம்பியிருந்த விமானக் கம்பனி விழுந்ததில் அதுவும் விழுந்தது. பிறகு மொரிஸ் எயார் என்ற விமானக் கம்பனியில் பங்காளியானார். காகித டிக்கட் இல்லாத முறையைக் கொண்டு வந்தவர்களில் ஒருவர். 1993இல் அதைப் பெரிய கம்பனிக்கு விற்று, அங்கேயே வேலைக்கும் சேர்ந்தார். சில மாதத்தில் அனுப்பிவிட்டார்கள். வயது வந்த பிறகுதான் தனக்கு இது இருப்பது அவருக்குத் தெரிந்தது. 2000இல் ஜெட்புளூ விமானங்கள் பறக்கத் தொடங்கின. 2007 பெப்ரவரியில் பனிப்புயலில் பயணிகள் மணிக்கணக்கில் விமானத்துக்குள் அடைபட்டு, கம்பனி நிலைகுலைந்தது. அவர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். ஆனாலும் அந்த மே மாதமே நிர்வாகப் பதவியிலிருந்து இறக்கினார்கள். 2008இல் பிரேசிலில் அசுல் என்று அடுத்த விமானக் கம்பனியைத் தொடங்கினார்.

இவர்கள் வென்றவர்கள். வென்றவர்கள்தான் புத்தகம் எழுதுவார்கள், பேட்டி கொடுப்பார்கள். இதே குணத்தோடு தொடங்கித் தோற்றவர்களை யாரும் பேட்டி எடுப்பதில்லை. சொந்தத் தொழில் தொடங்கும் ஆசையும் துணிச்சலும் இவர்களிடம் கூடுதலாக இருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. தொடங்கிய தொழில் நிலைக்கும் என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை. அதனால் "ஏடிஎச்டி ஒரு வரம்" என்று வரும் வீடியோவையும் நம்ப வேண்டாம், "உருப்படமாட்டான்" என்ற பேச்சையும் நம்ப வேண்டாம்.

■ கணக்கப்பிள்ளை வேண்டும், ஆனால் துண்டு வேண்டாம்

தோட்டத்தில் கணக்கப்பிள்ளை என்று ஒரு ஆள் ஏன் இருந்தார்? யார் வேலைக்கு வந்தார், எத்தனை இறாத்தல் கொழுந்து என்று அன்றன்றைக்கே எழுத ஒரு கை வேண்டும். ஓடித்திரியும் வியாபாரிக்கும் அப்படி ஒரு கை வேண்டும். மனைவியாக இருக்கலாம், தாத்தாவாக இருக்கலாம், சம்பளத்துக்கு வைத்த பிள்ளையாக இருக்கலாம்.

ஆனால் தோட்ட வரலாறு இன்னொன்றையும் சொல்லித் தருகிறது. துண்டு முறை என்று ஒன்று இருந்தது. தொழிலாளி எவ்வளவு கடன் என்று எழுதிய ஒரு துண்டுக் கடதாசி. அந்தக் கடனைக் கட்டினால்தான் வேறு தோட்டத்துக்குப் போகலாம். கணக்கை எழுதியவன் கங்காணி. வாசிக்கத் தெரியாதவன் கடன்காரன். 1921இல் சட்டம் போட்டுத்தான் அதை ஒழித்தார்கள். தன் கணக்கைத் தான் பார்க்காதவன் அடுத்தவன் கணக்குக்குள் மாட்டுவான். ஆகவே எழுதுவது வேறு ஆளாக இருக்கலாம், பார்த்துக் கையெழுத்து வைப்பது முதலாளியாக இருக்க வேண்டும்.

நம் மார்க்கத்தில் இது புதிதல்ல. குர்ஆனில் மிக நீளமான வசனம் சூரத்துல் பகராவின் 282ஆவது வசனம். அது பேசுவது தொழுகையையோ நோன்பையோ அல்ல, கடனை எழுதி வைப்பதை. எழுத ஒரு எழுத்தர், பார்க்க சாட்சிகள், தானாகச் சொல்லி எழுதுவிக்க இயலாதவருக்கு அவருடைய பொறுப்பாளர். உதவிக்கு ஆள் வைப்பதில் ஒரு வெட்கமும் இல்லை.

■ நாம் செய்யக்கூடியது

1. ஓஎல்லுக்கு முன் பிள்ளையை நிறுத்தாதீர்கள். 2016 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். 2021இல் வேலைக்கு எடுக்கும் குறைந்த வயதும் 16 ஆனது. கொழும்புக் கடையில் சாமான் தூக்கும் 14 வயதுப் பிள்ளை வியாபாரம் படிப்பதில்லை.

2. சந்தேகம் இருந்தால் காட்டுங்கள். பதுளைப் பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. 1926 என்ற தேசிய மனநல இலக்கத்துக்கு அழைக்கலாம். இருக்கிறதா இல்லையா என்று சொல்ல வேண்டியது வைத்தியர். ரீச்சரும் சேரும் அல்ல, இந்தப் பதிவும் அல்ல. மருந்து வேண்டுமா என்பதும் அவர் முடிவு. "பைத்தியத்துக்கு மருந்து" என்று பேசி அந்தக் குடும்பத்தைக் கஷ்டப்படுத்தாதீர்கள்.

3. பெண்பிள்ளைகளை மறக்க வேண்டாம். அவர்களில் பலர் ஓட மாட்டார்கள், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். யாருக்கும் தொந்தரவு இல்லாததால் யாருக்கும் தெரிவதில்லை. பிறகு வீட்டிலிருந்து தையலோ சாப்பாட்டு ஓடரோ செய்யும்போது இதே பிரச்சினை வரும்.

4. கடையில் போடுவதென்றால் வேலையைப் பிரித்துக் கொடுங்கள். சாமான் எடுக்கப் போவது, டெலிவரி, ஆட்களோடு பேசுவது அவனுக்கு. கொப்பி வேறு ஆளுக்கு. கிழமைக்கு ஒரு நாள் குறித்து இருவரும் இருந்து பார்த்துக் கையெழுத்து வையுங்கள். அரை மணித்தியாலம் போதும்.

5. கடையின் காசும் வீட்டின் காசும் இரண்டு பெட்டி.

6. கடன், லீசிங், செக் எதுவாக இருந்தாலும் கேட்ட அன்றைக்கே கையெழுத்து இல்லை. ஒரு இரவு தூங்கி எழும்பி, கொப்பி எழுதும் ஆளோடு பேசிய பிறகுதான். நுண்கடன்காரர் வாசலில் நின்றாலும் இதுதான் சட்டம்.

7. கட்ட வேண்டிய திகதிகள் ஞாபகத்தில் இருக்கக் கூடாது. சுவரில் பெரிய கலண்டரில் இருக்க வேண்டும், போனில் அலாரமாக இருக்க வேண்டும்.

இவை ஏடிஎச்டி இல்லாதவருக்கும் நல்லதுதான். இருப்பவருக்கு இவை இல்லாமல் கடை நடக்காது.

லிப்டனுக்குப் பின்னால் ஒரு மலையே வேலை செய்தது. ஓர்ஃபலியாவுக்குப் பங்காளிகள் இருந்தார்கள். நம் பிள்ளைக்கு நாம் கடையும் முதலும் கொடுக்கிறோம், அந்தக் கையை மட்டும் கொடுப்பதில்லை. பிறகு கடை விழுந்தால் "பொறுப்பில்லாதவன்" என்கிறோம்.

கடை நடத்தும் நானாமாரே, அக்காமாரே, ஒன்று கேட்கிறேன். உங்கள் கொப்பியை எழுதுவது யார்? எப்படிச் சமாளிக்கிறீர்கள்? கீழே எழுதுங்கள். நாளைக்குக் கடை திறக்கப் போகும் ஒரு பிள்ளைக்கு உதவும். பெற்றோர் குரூப்பிலும் பகிர்ந்து விடுங்கள்.